உண்மை, பொய், தெரியாது: எஸ்க்யூஎல் பிறந்த கதை

ஒரு நிறுவனத்தின் ஊழியர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். வரிக்கு ஓர் ஊழியர். அவருடைய எண், பெயர், சம்பளம், அவருக்கு மேலாளராக இருப்பவரின் எண் ஆகியவை அந்த வரியில் இருக்கும். நிறுவனத் தலைவருக்கு மேலே யாரும் கிடையாது என்பதால் அவர் வரியில் மேலாளர் எண்ணுக்கான கட்டம் மட்டும் காலி. இப்போது ஒரு சாதாரணக் கேள்வி: யாருக்கும் மேலாளராக இல்லாத ஊழியர்கள் யார் யார்? தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்க்யூஎல் மொழி தெரிந்தவர் கையில் இது இப்படி வரும்:

செலக்ட் பெயர்
ஃப்ரம் ஊழியர்
வேர் எண் நாட் இன் (செலக்ட் மேலாளர்_எண் ஃப்ரம் ஊழியர்)

கணினிப் படிப்பே இல்லாதவர்கூட இதை வாசித்துப் பொருள் சொல்லிவிடலாம். மேலாளர் எண்களின் பட்டியலில் யாருடைய எண் இல்லையோ அவர்களின் பெயரைக் கொடு, அவ்வளவுதான். ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் தொள்ளாயிரம் பெயராவது வரும் என்று எதிர்பார்ப்போம். ஓட்டிப் பார்த்தால் ஒரு பெயர்கூட வராது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. காலி அட்டவணை ஒன்று வந்து நிற்கும். தலைவரின் வரியில் இருந்த அந்த ஒற்றைக் காலிக் கட்டம் ஆயிரம் பேரையும் விழுங்கிவிட்டது.

தரவுத்தள மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. ஆரக்கிளில் ஓட்டினாலும் போஸ்ட்கிரஸில் ஓட்டினாலும் மைஎஸ்க்யூஎல்லில் ஓட்டினாலும் இதே விடைதான். மொழியின் தரநிலை சொல்வதும் இதைத்தான். பாமரரும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதற்காகவே பார்த்துப் பார்த்துச் செதுக்கிய மொழி, அனுபவசாலிகளையே இப்படித் திகைக்க வைக்கிறது. இந்த எளிமையும் இந்தத் திகைப்பும் 1970களில் ஒரே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டு இடைவெளியில் பிறந்தவை.

சுட்டிகளின் காடு

1960களில் தரவுத்தளம் என்றால் மரம் அல்லது வலை. அப்பல்லோ விண்வெளித் திட்டத்தின் லட்சக்கணக்கான உதிரிபாகங்களைக் கணக்கில் வைக்க ஐபிஎம் உருவாக்கிய ஐஎம்எஸ், தரவை மர வடிவில் அடுக்கியது. சார்லஸ் பாக்மனின் சிந்தனையிலிருந்து வளர்ந்த கோடாசில் வகைத் தரவுத்தளங்கள் தரவை வலையாகப் பின்னின. இரண்டிலும் ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குப் போகச் சுட்டிகள் உண்டு. ஏதாவது ஒரு விவரம் வேண்டுமானால், எந்தச் சுட்டியைப் பிடித்து எங்கே இறங்கி எங்கே திரும்ப வேண்டும் என்று நிரலாளர் ஒரு நிரலே எழுத வேண்டும். பாக்மன் 1973இல் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் நிரலாளரை மாலுமியாகத்தான் வர்ணித்தார்.

அந்த மாலுமி வேலையே தேவையில்லை என்று சொன்னவர் எட்கர் காட். இங்கிலாந்தின் டார்செட் கடலோரத்தில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்து, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானம் ஓட்டிவிட்டு, பிறகு அமெரிக்கா வந்து ஐபிஎம்மில் சேர்ந்தவர். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, 1970 ஜூனில் அவர் வெளியிட்ட கட்டுரை தரவுத்தளத் துறையின் திசையையே மாற்றியது. தரவு முழுவதையும் வெறும் அட்டவணைகளாக வைத்தால் போதும். வேண்டியது என்ன என்று பயனர் சொல்லட்டும், அதை எப்படித் தேடுவது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம்.

சரி, அந்த 'என்ன' என்பதை எப்படிச் சொல்வது? காட் கணித மனிதர். 1971இல் அவர் முன்வைத்த ஆல்ஃபா என்ற மொழி தர்க்கவியலின் குறியீடுகளால் ஆனது. தலைகீழான 'ஏ' வந்தால் 'எல்லாவற்றுக்கும்' என்று பொருள், பின்பக்கம் திரும்பிய 'இ' வந்தால் 'ஏதோ ஒன்றாவது உண்டு' என்று பொருள். துல்லியத்துக்குக் குறைவில்லை. ஆனால் சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருப்பவரிடம் இதைக் கொடுக்க முடியாது. விசைப்பலகையில் அந்தக் குறிகளும் இல்லை.

இருவர் ஆடிய விளையாட்டு

நியூயார்க் அருகே யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள ஐபிஎம் ஆய்வு மையத்தில் அப்போது இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். டொனால்ட் சேம்பர்லின் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் முடித்தவர். ரேமண்ட் பாய்ஸ் பர்டூவில் முடித்தவர். சேம்பர்லின் கோடாசில் முறையைக் கற்றுத் தேர்ந்திருந்தார். 1972இல் அங்கே நடந்த ஒரு கருத்தரங்கில் காட் பேசினார். தங்கள் மேலாளரைவிட அதிகச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் யார் என்பது போன்ற கேள்விகளை எடுத்துக்கொண்டார். கோடாசிலில் அவற்றுக்குப் பக்கம் பக்கமாக நிரல் எழுத வேண்டும். காட் ஒவ்வொன்றையும் ஒற்றை வரியில் எழுதிக் காட்டினார். மதம் மாறியவன் போல ஆனேன் என்று சேம்பர்லின் பிற்காலத்தில் அந்த அனுபவத்தை நினைவுகூர்ந்திருக்கிறார்.

அதன் பிறகு இருவரும் தங்களுக்குள் ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டார்கள். ஒருவர் ஒரு சிக்கலான கேள்வியைப் போடுவார். அதைச் சொல்ல எந்த வடிவம் சுருக்கமானது, எது தெளிவானது என்று மற்றவர் தேடுவார். இந்த விளையாட்டில் முதலில் விளைந்த மொழி 'ஸ்கொயர்'. கணிதச் சின்னங்கள் குறைந்திருந்தாலும் அட்டவணைப் பெயருக்குக் கீழே சிறு எழுத்தில் பத்திப் பெயர்களைப் போட வேண்டியிருந்தது. கரும்பலகையில் எழுதலாம், தட்டச்சு செய்ய முடியாது.

1973இல் இருவரும் காட் இருந்த சான் ஹோசேக்கே மாற்றலாகி வந்தார்கள். இந்த முறை சின்னங்கள் எல்லாவற்றையும் கைவிட்டு, ஆங்கிலச் சொற்களை மட்டும் கொண்டு மொழியைத் திரும்பக் கட்டினார்கள். 'செலக்ட்' என்றால் எதை எடுப்பது, 'ஃப்ரம்' என்றால் எந்த அட்டவணையிலிருந்து, 'வேர்' என்றால் எந்த நிபந்தனையில். கட்டமைக்கப்பட்ட ஆங்கில வினா மொழி என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'சீக்வெல்' என்று பெயர் வைத்தார்கள். நிரலாளர்களுக்கு என்று அவர்கள் இதை உருவாக்கவில்லை. கணக்காளர், பொறியாளர், நகரத் திட்டமிடுபவர் போன்றவர்கள் நேரடியாகத் தரவிடம் கேள்வி கேட்க வேண்டும் என்பதே நோக்கம். கோட் படிக்க எளிதாக இருக்க வேண்டுமா, அதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்று இன்று நடக்கும் வாதங்களில் அவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதில் ஐயமே இல்லை.

1974 மே மாதம் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் நடந்த பட்டறையில் சீக்வெல் அரங்கேறியது. அன்றைக்குக் கூட்டத்தின் கவனம் வேறு இடத்தில் இருந்தது. காட் ஒருபுறமும் பாக்மன் மறுபுறமும் நின்று, அட்டவணையா வலையா என்று மோதிய புகழ்பெற்ற விவாதம் நடந்தது அங்கேதான். அதன் பக்கத்தில் சின்னதாக நடந்த ஒரு கட்டுரை வாசிப்புதான் அரை நூற்றாண்டு தாண்டியும் நிற்கிறது. பாய்ஸ் அதைப் பார்க்க இல்லை. அடுத்த மாதமே மூளை ரத்த நாளக் கோளாறால் இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அட்டவணைகளைச் சீராக வடிவமைக்கும் விதிகளில் ஒன்றுக்கு இருக்கும் 'பாய்ஸ்–காட்' என்ற பெயரில் அவர் மாணவர்களின் பாடப் புத்தகத்தில் இருக்கிறார்.

படிக்க எளிதா? தேர்வு வைத்தார்கள்

படிக்க எளிது என்று எந்த மொழியை உருவாக்கியவரும் சொல்லிக்கொள்ளலாம். ஐபிஎம் குழு அதைச் சோதித்துப் பார்த்தது. ஃபிலிஸ் ரைஸ்னர் என்ற ஆய்வாளர் கல்லூரி மாணவர்களைத் திரட்டி, சிலருக்கு ஸ்கொயரும் சிலருக்கு சீக்வெல்லும் கற்பித்து, தரவிடம் கேட்கும் வினாவான க்வெரியை எழுதச் சொல்லித் தேர்வு வைத்தார். முடிவுகள் 1975இல் வெளிவந்தன. நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்களுக்கு ஆங்கிலச் சொற்களால் ஆன சீக்வெல்தான் எளிதாக இருந்தது. ஒரு கணினி மொழியின் எளிமையை அதன் ஆசிரியர்கள் வாயால் கேட்காமல் பரிசோதனையால் அளந்து பார்த்த ஆரம்ப முயற்சிகளில் இதுவும் ஒன்று.

அந்தப் பரிசோதனை கேட்ட கேள்வி எது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த மொழியைக் கற்பது எளிதா, ஆங்கிலத்தில் மனதில் உள்ள கேள்வியை இதில் எழுதிவிட முடிகிறதா? இதற்கு விடை கிடைத்தது. எழுதிய க்வெரி என்ன விடை தரும் என்று படிப்பவர் சரியாக ஊகிப்பாரா என்பது வேறு கேள்வி. அது பின்னால் வரவிருந்தது.

மொழியைக் காகிதத்திலிருந்து இயந்திரத்துக்குக் கொண்டுவந்தது 'சிஸ்டம் ஆர்' என்ற ஐபிஎம் ஆய்வுத் திட்டம். என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும் என்ற காட்டின் வாக்கு பலிக்க வேண்டுமானால், எப்படித் தேடுவது என்பதை யாராவது தீர்மானித்தாக வேண்டும். பாட்ரிசியா செலிஞ்சரும் சகாக்களும் பல வழிகளின் செலவை மதிப்பிட்டு மலிவானதைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தார்கள். இன்றைய தரவுத்தளங்கள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்கள். இடையில் பெயர்ச் சிக்கல் ஒன்று வந்தது. ஹாக்கர் சிட்லி என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்திடம் 'சீக்வெல்' என்ற வணிகப் பெயர் இருந்ததால் உயிரெழுத்துகளை உதிர்த்து எஸ்க்யூஎல் ஆக்கினார்கள். நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஐஎம்எஸ்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஐபிஎம் தயங்கி நின்ற நேரத்தில், அதன் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்த லாரி எலிசனின் சிறு நிறுவனம் 1979இல் ஆரக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஐபிஎம்மின் சொந்தப் பொருள் 1981இல்தான் வந்தது, டிபி2 1983இல். அமெரிக்கத் தரநிலை 1986இலும் உலகத் தரநிலை 1987இலும் ஏற்கப்பட்டன.

காலிக் கட்டத்துக்கு ஒரு குறி

இனி அந்தக் காலிக் கட்டத்துக்கு வருவோம். காகிதப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் அது காலியாகவே இருக்கும். பார்க்கும் எழுத்தர் புரிந்துகொள்வார். கணினிக் கோப்பில் அந்த இடத்தில் ஏதாவது இருந்தாக வேண்டும். வயது தெரியாவிட்டால் –1, தேதி தெரியாவிட்டால் எல்லாம் ஒன்பது, சம்பளம் தெரியாவிட்டால் பூஜ்யம் என்று நிரலாளர்கள் ஆளுக்கொரு வழக்கம் வைத்திருந்தார்கள். இந்த வழக்கங்கள் எங்கும் எழுதி வைக்கப்படாதவை. விவரம் தெரியாமல் ஒருவர் சராசரி வயது கேட்டால் இயந்திரம் அந்த –1களையும் கூட்டி ஒரு சராசரியைக் கொடுத்துவிடும். பொய் என்று கண்டுபிடிக்கவே முடியாத பொய் அது.

காட்டின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு இல்லை. அந்தப் பத்தாண்டுக்குள் அவர் அதை எடுத்துக்கொண்டார். எண்ணாக இருந்தாலும் எழுத்தாக இருந்தாலும் தேதியாக இருந்தாலும், 'மதிப்பு இங்கே இல்லை' என்பதற்குப் பொதுவாக ஒரே குறி: 'நல்'. 1976இல் வெளியான சீக்வெல்லின் இரண்டாம் வடிவத்திலேயே அது மொழிக்குள் இருந்தது. 1979இல் காட் அதற்கான தர்க்கத்தைத் தம் கட்டுரையில் விரித்து எழுதினார். 1985இல் உண்மையான தொடர்புசார் (அட்டவணை வழி) தரவுத்தளம் எது என்று அடையாளம் காண அவர் வகுத்த புகழ்பெற்ற விதிகளில் மூன்றாவது விதியே, 'நல்'லை முறையாகக் கையாள வேண்டும் என்பதுதான்.

'நல்' ஒரு மதிப்பு இல்லை என்பதிலிருந்து எல்லாம் தொடங்குகிறது. மீனாவின் பிறந்த தேதி தெரியாது. செல்வத்தின் பிறந்த தேதியும் தெரியாது. இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்களா என்று கேட்டால், ஆம் என்று சொன்னாலும் தவறு, இல்லை என்று சொன்னாலும் தவறு. தெரியாது என்பதே நேர்மையான பதில். ஆகவே ஒரு 'நல்'லை இன்னொரு 'நல்'லோடு ஒப்பிட்டால் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. 'தெரியாது' என்ற மூன்றாவது நிலை. இப்படி மூன்று நிலைகள் கொண்ட தர்க்கத்தைப் போலந்து அறிஞர் யான் வுகாசியேவிச் 1920லேயே எழுதியிருந்தார். காட் அந்த வழியைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுவந்தார்.

விதிகள் சுருக்கமானவை. உண்மையோடு 'அல்லது' போட்டுத் தெரியாததைச் சேர்த்தால் உண்மை. பொய்யோடு 'மற்றும்' போட்டுச் சேர்த்தால் பொய். தெரியாததை மறுத்தாலும் அது தெரியாததுதான். கடைசியாக, நிபந்தனை உண்மை என்று உறுதியான வரிகளை மட்டுமே 'வேர்' உள்ளே விடும். பொய் ஆனவற்றோடு தெரியாதவற்றையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும்.

இனி நம் புதிரை அவிழ்க்கலாம். மேலாளர் எண்களின் பட்டியல் 3, 8, 12, 'நல்' என்று இருக்கட்டும். 57ஆம் எண் ஊழியர் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் என்ன பொருள்? 57 என்பது 3 இல்லை, மற்றும் 8 இல்லை, மற்றும் 12 இல்லை, மற்றும் 'நல்' இல்லை. முதல் மூன்றும் உண்மை. நான்காவது தெரியாது. ஆகவே மொத்தமும் தெரியாது, 57 வெளியே. 8ஆம் எண் ஊழியரோ பட்டியலிலேயே இருக்கிறார். அவருக்கு நிபந்தனை பொய், அவரும் வெளியே. இப்படி ஆயிரம் பேரும் வெளியே போனதுதான் அந்தக் காலி விடை.

தர்க்கத்தின் மீது குற்றம் சொல்ல முடியாது. பட்டியலில் தெரியாத எண் ஒன்று உண்டு என்றால், அது 57ஆக இருக்காது என்று யார் சத்தியம் செய்வது? இயந்திரம் தன்னிடம் சொல்லப்பட்டதற்கு நேர்மையாகவே நடந்துகொண்டது. பிசகு வேறு இடத்தில் இருக்கிறது. தலைவரின் மேலாளர் யார் என்பது நமக்குத் தெரியாத விஷயமா? தெரியும், அப்படி ஒருவர் இல்லை. 'கிடையாது' என்பதற்காக நாம் விட்ட காலிக் கட்டத்தை இயந்திரம் 'தெரியாது' என்று படித்தது.

இந்த வேறுபாடு தமிழர்களுக்குப் புதிதில்லை. அப்பா பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும்தான் நம் வழக்கம். குடும்பப் பெயர் என்ற ஒன்று பெரும்பாலோருக்குக் கிடையாது. ஆனால் உலகத்துப் படிவங்கள் இரண்டு கட்டம் கேட்கும். பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்திலேயே இருந்துவிட்டால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. தெரியாமல் என்ன, எல்லாம் தெரியும். இரண்டாவது பெயர் கிடையாது, அவ்வளவுதான்.

ஆசிரியர்களுக்குள்ளேயே சண்டை

காட்டுக்கே இந்த இடறல் தெரிந்திருந்தது. 1990இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒற்றை 'நல்'லை இரண்டாகப் பிரித்தார். மதிப்பு உண்டு, கைக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு ஒரு குறி. இவருக்கு இந்த விவரமே பொருந்தாது என்பதற்கு இன்னொரு குறி. குறி இரண்டானதும் தர்க்கத்தின் நிலைகள் நான்காயின. எஸ்க்யூஎல் தரநிலை இதை ஏற்கவில்லை. இன்றும் ஒரே 'நல்'தான் இரண்டு வேலையையும் பார்க்கிறது.

எதிர்ப்பு மிக அருகிலிருந்து வந்தது. கிறிஸ் டேட் காட்டின் கொள்கையை உலகுக்கு விளக்கியவர். 1975இல் முதல் பதிப்பு கண்ட அவருடைய பாடநூல் தலைமுறைகளைக் கடந்து பயன்பட்டது. இருவரும் சேர்ந்து ஆலோசனை நிறுவனமும் நடத்தினார்கள். அதே டேட் 'நல்'லை அடியோடு மறுத்தார். சம்பளம் ஐம்பதாயிரத்துக்கு மேல் உள்ளவர்களையும் ஐம்பதாயிரம் அல்லது அதற்குக் கீழ் உள்ளவர்களையும் சேர்த்தால் எல்லா ஊழியரும் வந்துவிட வேண்டும் என்றுதான் எந்த மனிதனும் நினைப்பான். சம்பளக் கட்டம் காலியாக உள்ளவர் இரண்டிலும் வரமாட்டார். அன்றாட அறிவு கைகொடுக்காத தர்க்கத்தைக் கொண்டு வியாபாரம் நடத்துகிறவரிடம் விடை என்று எதைத் தருகிறோம் என்று டேட் கேட்டார். மூன்று நிலை போதாமல் நான்கு வந்தது, நான்கு போதாமல் ஐந்து வராதா என்பது அவருடைய அடுத்த கேள்வி. 1993இல் ஒரு தொழில்நுட்ப இதழில் இருவரும் நேருக்கு நேர் எழுதி மோதினார்கள். 1995இல் டேட்டும் ஹியூ டார்வெனும் வெளியிட்ட அறிக்கை, 'நல்' இல்லாத தரவுத்தள மொழியே வேண்டும் என்றது.

மறுபக்க வாதத்துக்கும் வலு உண்டு. 'நல்'லை எடுத்துவிட்டால் உலகத்தில் தெரியாத விவரங்கள் இல்லாமல் போய்விடாது. நிரலாளர்கள் மறுபடி –1க்கும் ஒன்பதுகளுக்கும் திரும்புவார்கள். பிழையான சராசரியைவிட, தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் அமைப்பு மேல் இல்லையா? முப்பது ஆண்டுக்கு மேலாகியும் இதில் யாரும் வென்றதாகச் சொல்ல முடியாது. களத்தில் நின்றது 'நல்'தான்.

நின்ற இடங்களிலெல்லாம் அது ஒரே மாதிரி நடந்துகொண்டால்கூடப் பழகிக்கொள்ளலாம். ஒப்பிடும்போது இரண்டு 'நல்'கள் சமமில்லை. 'குரூப் பை' போட்டுத் தொகுக்கும்போது எல்லா 'நல்'களும் ஒரே குழு. 'வேர்' தெரியாததை வெளியே தள்ளும். அட்டவணையில் தப்பான மதிப்பு நுழையாமல் காக்கும் 'செக்' நிபந்தனையோ சந்தேகத்தின் பலனைக் கொடுத்து உள்ளே விட்டுவிடும். ஒரு வரிகூட இல்லாதபோது எண்ணிக்கை கேட்டால் பூஜ்யம் வரும். கூட்டுத்தொகை கேட்டால் 'நல்' வரும். ஒரு மதிப்பு இருமுறை வரக்கூடாது என்று தடுத்த பத்தியில் போஸ்ட்கிரஸ் எத்தனை 'நல்' வேண்டுமானாலும் அனுமதிக்கும். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் ஒன்றுக்கு மேல் விடாது. ஆரக்கிளில் எழுத்தே இல்லாத வெற்றுச் சரமும் 'நல்'தான். ஏறுவரிசையில் அடுக்கினால் சில தரவுத்தளங்கள் 'நல்'லை முதலில் வைக்கும், சில கடைசியில்.

ஒட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 'நல்'லையும் சேர்த்து ஒப்பிட 'இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்' என்ற நீளமான சொல்லாட்சியை 1999ஆம் ஆண்டுத் தரநிலை சேர்த்தது. ஒரு பத்தியில் 'நல்' ஒன்றுக்கு மேல் வரலாமா கூடாதா என்பதைப் பயனரே அறிவித்துக்கொள்ளும் வசதி போஸ்ட்கிரஸுக்கு 2022இல்தான் கிடைத்தது.

யார் படிப்பதற்கு?

இதற்குள் வாசகர்கள் மாறிவிட்டார்கள். கணக்காளரும் நகரத் திட்டமிடுபவரும் நேரடியாக எழுதுவார்கள் என்று கனவு கண்ட மொழி, நிரலாளர்களின் அன்றாடத் தொழிலாக ஆகிவிட்டது. ஒரு வாக்கியமாகப் பிறந்த க்வெரி இப்போது நூறு வரி, இருநூறு வரி நீள்கிறது. அதனால் படிக்க எளிதா என்ற விவாதமும் நிரலாளர்களின் விவாதமாகிவிட்டது. 'செலக்ட்' போன்ற சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதுவதா, கமாவை வரியின் முடிவில் வைப்பதா தொடக்கத்தில் வைப்பதா, உள்ளுக்குள் உள்ளாக அடுக்கிய க்வெரிகளை 'வித்' போட்டுப் பெயரிட்டுப் பிரிப்பதா என்று கோட் ரிவ்யூக்களில் வாதம் ஓயாது.

இவற்றில் ஆழமானது சொல்வரிசை பற்றிய சண்டை. க்வெரி 'செலக்ட்' என்று தொடங்கினாலும், பொருள் கொள்ளும் வரிசையில் முதலில் வருவது 'ஃப்ரம்', பிறகு 'வேர்', அதன் பிறகு தொகுப்பு. 'செலக்ட்' கிட்டத்தட்டக் கடைசி. 'செலக்ட்'டில் சூட்டிய புதுப் பெயரை 'வேர்' பகுதியில் பயன்படுத்த முடியாமல் புதியவர்கள் விழிப்பது இதனால்தான். ஏவல் வினையை முதலில் வைக்கும் ஆங்கில வாக்கியத்தைப் பின்பற்றியதன் விலை இது. ஊழியர் அட்டவணையிலிருந்து, பொம்மைப் பிரிவில் இருப்பவர்களின், பெயரை எடு என்று தமிழில் சொன்னால் அது பொருள் கொள்ளும் வரிசையிலேயே அமைந்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் தன் நிரல் மொழிகளுக்குள் வினா எழுத உதவும் லிங்க் வசதியில் 'ஃப்ரம்'மை முன்னால் கொண்டுவந்தது. 2024இல் கூகுள் பொறியாளர்கள் எஸ்க்யூஎல்லையே, ஒரு படியின் விடை அடுத்த படிக்குப் போகும் குழாய்த் தொடராக, 'ஃப்ரம்'மில் தொடங்கி எழுதும் வடிவத்தை ஒரு கட்டுரையில் முன்வைத்தார்கள்.

சொல்வரிசையை மாற்றினாலும் நம் புதிருக்கு விடிவில்லை. அனுபவப்பட்டவர்கள் 'நாட் இன்' வந்த இடத்தில் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதச் சொல்வார்கள். இந்த எண்ணை மேலாளராகக் கொண்ட வரி ஒன்றாவது இருக்கிறதா என்று அது கேட்கும். இருக்கிறது, இல்லை என்ற இரண்டே விடை என்பதால் 'தெரியாது' நுழைய வழியில்லை. எழுதக் கொஞ்சம் நீளம், பார்க்கவும் அழகு குறைவு. ஆனால் எதிர்பார்த்த விடை வரும். இரண்டு அட்டவணைகளை 'லெஃப்ட் ஜாயின்' போட்டு இணைத்து, இடது அட்டவணையின் எல்லா வரிகளையும் கேட்டுவிட்டு, வலது அட்டவணையின் பத்தியில் 'வேர்' நிபந்தனை வைப்பவரும் இதே குழியில் விழுகிறார். துணை கிடைக்காத வரிகளில் அந்தப் பத்தி 'நல்'லாகி, நிபந்தனை 'தெரியாது' ஆகி, வரிகள் சத்தமில்லாமல் மறைந்துவிடும். நிபந்தனையை, இணைப்பு விதியைச் சொல்லும் 'ஆன்' பகுதிக்கு நகர்த்தினால் அவை திரும்ப வரும்.

இந்தச் சம்பவங்கள் எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று இருக்கிறது. முதலில் பார்த்த மூன்று வரி க்வெரி சரியா தவறா என்று அந்த மூன்று வரிகளை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மேலாளர் எண்ணுக்கான பத்தி காலியாக இருக்கலாமா கூடாதா என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். அந்தத் தகவல் க்வெரியில் இல்லை, அட்டவணையை உருவாக்கியபோது எழுதிய கட்டளையில் இருக்கிறது. தலைவரின் கட்டத்தைக் காலியாக விடாமல், மேலாளர் உறவைத் தனி அட்டவணையாக வைத்து, அங்கே ஒவ்வொரு பத்திக்கும் 'நாட் நல்' என்று அறிவித்திருந்தால், தலைவருக்கு அந்த அட்டவணையில் வரியே இருக்காது. 'கிடையாது' என்பதற்கு அதுதான் சரியான எழுத்து. பட்டியலை அங்கிருந்து எடுத்தால், அழகான அந்த 'நாட் இன்' க்வெரி வாசித்தபடியே நடக்கும்.

சேம்பர்லினும் பாய்ஸும் வாக்கியத்தை எளிமையாக்கினார்கள். காட் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வழி செய்தார். இரண்டும் தேவையான வேலைகள். ஆனால் ஒரு க்வெரி படிக்க எளிதாக இருப்பது அதன் சொற்களோடு முடிந்துவிடுவதில்லை. படிப்பவரின் ஊகமும் இயந்திரத்தின் விடையும் ஒன்றாக இருந்தால்தான் அது படிக்க எளிது. அந்த ஒற்றுமையைக் க்வெரி எழுதுபவர் தனியாகத் தர முடியாது. அட்டவணையை முதல் நாள் வடிவமைப்பவர், எந்தக் கட்டம் எதற்காகக் காலியாக இருக்கலாம் என்று யோசித்து 'நாட் நல்' என்ற இரண்டு சொல்லைப் போடுகிறாரா இல்லையா என்பதில் அதில் பாதி தீர்மானமாகிவிடுகிறது. கோட் ரிவ்யூவில் கமா எங்கே இருக்க வேண்டும் என்பதற்குச் செலவாகும் நேரத்தில் கொஞ்சம் அட்டவணையின் அந்தக் கட்டளைக்கும் போக வேண்டும்.